வாய்ப்புண்ணும் தலைவிதியும்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி என்னும் மருந்தேற்றும் சிகிச்சை செய்து கொள்ளுகிறவர்களில் பலருக்கு, மருந்து ஏறி 5 முதல் 10 நாட்களுக்குள் வாயெல்லாம் புண்ணாகி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமற் போவதுண்டு. அதைக் கண்டவுடனே நம் மக்களில் சிலர் "சாமி குற்றம்" என்றும், "பூர்வ ஜன்ம பாவம்" என்றும் சொல்லி வேண்டுதலுக்கும் விரதத்திற்கும் போய்விடுகிறார்கள். சிலர் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடுகிறார்கள். பின்னது உயிருக்கே உலை வைக்கும் காரியமாகும்.

தோழர்களே! இப்புண்ணுக்குக் காரணம் என்ன? புற்றுநோய் அணுக்கள் வேகமாய்ப் பெருகுகின்றவை. வேகமாய்ப் பெருகுகிறவற்றை அழிப்பதே இம்மருந்துகளின் வேலை. நமது வாயின் உட்தோலும் ஒன்றிரண்டு வாரத்திற்கொரு முறை புதிதாய் வளர்ந்து கொண்டேயிருப்பதால் அதுவும் அடிபடுகிறது. தலைமயிர் உதிர்வதற்கும் இதுவே காரணம். பக்தனுக்கும் நாஸ்திகனுக்கும் மருந்து ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. இதில் சாமிக்கு என்ன வேலை?

ஃபுளோரோயுரசில் என்னும் மருந்தை ஊசி மூலம் ஒரேயடியாக ஏற்றும்போது, 5 நிமிஷம் முன்பிருந்தே ஐஸ் துண்டுகளை வாயிலிட்டு 30 நிமிஷம் அடக்கி வைத்தால் புண் குறைகிறது என்று பரீட்சித்துக் கண்டிருக்கிறார்கள். குளிர்ச்சியால் இரத்தக் குழாய் சுருங்கி, மருந்து வாய்க்குக் குறைவாய்ப் போகிறது. பூர்வ ஜன்ம கர்மம் ஒரு துண்டு ஐஸுக்குப் பயந்து ஓடுமா என்று வைதீகர்களைக் கேட்கிறோம். ஆனால் எல்லா மருந்துக்கும் ஐஸ் உதவாது. ஆக்ஸாலிப்ளாட்டின் ஏற்றுகிறவர்களுக்குக் குளிர்ச்சியே கெடுதல். டாக்டரைக் கேட்டே செய்யவேண்டும்.

நிற்க, வீட்டில் செய்யக்கூடியவை செலவில்லாதவை. சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரிடம் சொத்தைப் பல்லைச் சரி செய்து கொள்ளவேண்டும். மெல்லிய பிரஷால் பல் துலக்கவேண்டும். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் உப்பு 1 தேக்கரண்டி, ஆப்பச்சோடா 1 தேக்கரண்டி கலந்து, நாளைக்கு 4 முறைக்குக் குறையாமல் கொப்பளித்துத் துப்பவேண்டும். காரம், புளிப்பு, புகையிலை, பாக்கு, மது ஆகாது. குழைந்த கஞ்சி, பால், வெந்த முட்டை இவற்றை ஆறவைத்துச் சாப்பிடலாம். புண் ஆறச் சத்து வேண்டியிருக்க, விரதமிருப்பது மதியீனமல்லவா?

வலியை ஊமைபோல் பொறுத்திருப்பதும் புண்ணியமல்ல. மரத்துப்போகச் செய்யும் மருந்து முதல் மார்பின் வரை டாக்டர்களிடம் இருக்கின்றன. அச்சமயம் இரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருக்குமாதலால், கோயில் தீர்த்தமும் விபூதியும் புண்ணில் பட்டால் கிருமி ஏறக்கூடும். 100.4 டிகிரி ஜுரம் கண்டால் நாள் நட்சத்திரம் பாராமல் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். "எல்லாம் விதி" என்று அவர் உட்கார்ந்திருந்தால், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியிராது. ஆகவே, வாயில் புண் வந்தால் ஜோசியனிடம் போகாதீர்கள். மருந்து கொடுத்த டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.