ரேகை தேய்ந்தவர்கள்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். உதவித்தொகை வருகிற நாளில் சேரிக் கிழவிகள் வந்து வரிசையில் குந்தியிருப்பார்கள். கருவியில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழாது. முந்தானையில் துடைத்து மறுபடி வைப்பார்கள். அப்பவும் விழாது. "நாத்து நட்ட கை சார், இன்னா வரும் அதுல?" என்று கேட்டாள் ஒரு ஆயா. நியாயமான கேள்வி. அந்த ரேகை ஊர்க்காரன் கழனியில் போயிருக்கிறது, செங்கல் சூளையில் போயிருக்கிறது. எந்த லெட்ஜரிலும் அந்தப் பற்று எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் 1000. 2023இல் 1200. நாளைக்கு 40 ரூபாய். மத்திய அரசு 1995இல் 75 ரூபாய் தந்தது. 2007இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரை வைத்தபோது 200. எண்பது வயது ஆகாதவர்களுக்கு அந்த 200 பதினைந்து வருஷத்துக்கு மேலாக அப்படியே நின்றது. இந்தக் காசுக்கும் 'ஆதரவற்றவர்' என்று நிரூபிக்கணும். "மகன் இருக்கானே" என்று மனுவைத் திருப்புகிறார்கள். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறான். அவன் இருப்பது ரேஷன் கார்டில் மட்டும்தான்.

2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியவன் பார்க்காவிட்டால், பிரிவு 23இன்படி அந்தப் பத்திரம் ரத்தாகும். நல்ல சட்டம்தான். ஆனால் எழுதிக்கொடுக்க ஒரு சென்ட் நிலமும் இல்லாதவள் எதை ரத்து செய்யச் சொல்லுவாள்? கூலிக்காரப் பிள்ளைமேல் வழக்குப் போட்டு எதை வாங்குவாள்? பெற்றவர்களைக் கைவிட்ட பாவிகள் என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள், பிள்ளையை ஊரைவிட்டுத் துரத்தியது எது என்று பேசமாட்டார்கள்.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிறது. ஓரத்தில் கையேந்தி உட்கார்ந்திருக்கும் கிழடுகளுக்கும் ஒரு தொன்னை கிடைக்கும். போடுகிறவனுக்குப் புண்ணியம். மறுநாள் காலையில் அந்தக் கிழவிக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மாத்திரையை எடுத்து வாயில் போட, புரட்டிப் படுக்கவைக்க, பீத்துணி அலச ஒரு கை வேணும். அந்தக் கை யாருடையது?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி டவுனில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவருக்கு மலம் துடைப்பது இவள் கை. இவளுக்குக் காப்பி தனி டம்ளரில். அந்த நேரத்தில் இவள் அம்மா சேரியில் ஈரப் பாயில் கிடக்கிறாள். தீட்டுக்கும் கவனிப்புக்கும் நடுவில் இருக்கிற கணக்கு இதுதான் தோழர்களே.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். நான் அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதினேன். துணி அலசியது என் மனைவி. விடுதலை பேசுகிற ஆம்பளைகள் எத்தனை பேர் பெற்றவளின் மூத்திரத் துணியைத் தொட்டிருக்கிறோம்?

ஆகவே கேட்கவேண்டியது இது. மகன் இருக்கிறானா என்று பார்க்காமல் உழைத்து ஓய்ந்த எல்லாருக்கும் ஓய்வூதியம். ரேகை விழாவிட்டால் ஆளைப் பார்த்துப் பணம். வீட்டில் நோயாளியைப் பார்ப்பதும் வேலைதான், அதற்குக் கூலி. இதெல்லாம் அரசிடம் கேட்பது. நம்மிடம் நாமே கேட்டுக்கொள்வது ஒன்று: இன்றைக்கு ராத்திரி அந்தத் துணியை யார் அலசப்போகிறோம்?