பழந்துணியும் தகரப்பெட்டியும் கலையாகுமா?

கலை என்றவுடன் ஓவியத்தையும் சிற்பத்தையுமே நம் மனம் நாடுகிறது. இவ்விரண்டிலும் அடங்காமல், பழந்துணி, துருவேறிய தகரப்பெட்டி, மின்விளக்கு, நிழற்படம், ஒலி முதலியவற்றை ஒருங்கிணைத்து அமைக்கப்படும் ஆக்கங்களைக் கலப்பு ஊடகக் கலை என்பர். இத்தகைய ஆக்கங்கள் அருங்காட்சியகங்களில் இடம்பெறுங்கால், "குப்பையைக் குவித்துவிட்டுக் கலை என்கின்றனரே" எனும் ஏளனம் எழுவது இயல்பு. அவ்வேளனம் எத்துணை நியாயமானது என்பதைப் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியின் ஆக்கங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கலை நேற்று முளைத்ததன்று. பாரிசில் வாழ்ந்த பிக்காசோ 1912ஆம் ஆண்டிலேயே, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்திற்கு மாற்றாகக் கயிற்றைச் சுற்றினார். அதே நகரில் அர்மான் என்னும் கலைஞர் 1960இல் ஒரு கலைக்கூடத்தையே பயனற்ற பொருள்களால் நிரப்பிக் காட்டினார். இவ்வழியில் வந்தவரே போல்தான்ஸ்கி. ஆயினும், அவர் பழம்பொருளை நாடியதற்குரிய காரணம் வேறு.

செருமானியர் பிடியிலிருந்து பாரிசு விடுபட்ட சில நாள்களில், 1944 செப்டம்பரில் அவர் பிறந்தார். விடுதலை எனும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லும் அவருடைய பெயரில் ஒரு பகுதியாயிற்று. யூதக் குடியிற் பிறந்த அவர் தந்தையார், ஆக்கிரமிப்புக் காலத்தில் தம் இல்லத்தின் தளப்பலகைகளுக்கு அடியில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தவர். தப்பியவரின் வீட்டில் வளர்ந்த மைந்தனுக்குத் தப்பாதவரின் நினைவு வாழ்நாள் முழுதும் விடாது தொடர்ந்ததில் வியப்பில்லை. 2021 சூலையில் மறையும்வரை அவர் படைத்தவற்றுள் பெரும்பாலானவை, மறக்கப்பட்ட மனிதரைப் பற்றியனவே.

2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை பாரிசு பொம்பிடு கலை மையத்தில் அவருடைய ஆக்கங்கள் ஏறத்தாழ ஐம்பது காட்சிக்கு வைக்கப்பட்டன. 1984இல் அங்கு நிகழ்ந்த கண்காட்சிக்குப் பின்னர் அம்மையம் அவருக்கு அளித்த பெரும் இடம் அது. நுழைவாயிலில் மின்விளக்குகளால் 'புறப்பாடு' என்றும், முடிவில் 'வருகை' என்றும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தன. உள்ளே கரிய மேலாடைகளைக் குவித்தமைத்த குன்று ஒன்று நின்றது. பெல்சியத்தின் கிராண்ட் ஒர்னு என்னும் பழைய நிலக்கரிச் சுரங்கத்திற்காக 2015இல் அவர் படைத்தது அது. கரி வெட்டிய கழிவைக் கொட்டும் மேட்டின் வடிவில், கரி வெட்டியவர் உடைகளை நினைவூட்டும் துணிகள்! உழைத்தவரும் கழிவும் ஒன்றாகவே எண்ணப்பட்டனர் எனும் உண்மையை அக்குவியல் ஒரு சொல்லுமின்றி உரைக்கிறது.

இதனினும் பெரிது, 2010ஆம் ஆண்டு சனவரியில் பாரிசின் கிராண்ட் பாலே மண்டபத்தில் அமைந்த 'பெர்சோன்' எனும் ஆக்கம். அப்பிரெஞ்சுச் சொல் 'மாந்தர்' என்றும் பொருள்படும். 'எவருமில்லை' என்றும் பொருள்படும். தரையெங்கும் பழைய உடைகள் செவ்வகப் பத்திகளாய்ப் பரப்பப்பட்டிருந்தன. நடுவே உடைகளாலான ஒரு மலை. அதன்மேல் தொங்கிய பாரந்தூக்கியின் இரும்புப் பிடி சிலவற்றை அள்ளி உயர்த்தி, மீண்டும் விழவிட்டது. இதயத் துடிப்பின் ஒலி அரங்கை நிறைத்தது. கடுங்குளிர்க் காலத்தில் மண்டபத்திற்கு வெப்பமூட்ட வேண்டா என்று கலைஞரே கூறிவிட்டார். பார்வையாளர் நடுங்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இனி, மறுப்புரைகளை நோக்குவோம். கைத்திறன் எங்கே என்பது முதல் வினா. துணியை நெய்தவரும் தைத்தவரும் வேறு; கலைஞர் செய்தது தேர்வும் அடுக்கும் மட்டுமே. ஆயின், எல்லாரும் வழங்கும் சொற்களைத் தேர்ந்து அடுக்குவதால்தானே கவிதையும் பிறக்கிறது? அகராதியில் உள்ள சொல் கவிஞனுக்குச் சொந்தமன்று; அதனை வைத்த இடமே அவனுக்குச் சொந்தம். ஒருவர் உடுத்திய சட்டையில் அவருடைய தோளின் வடிவம் தங்கியிருக்கிறது. அச்சட்டையை வண்ணத்தால் வரைவதினும் அதனையே நம்முன் வைப்பது, அவர் இல்லாமையை ஆழமாக உணர்த்தும்.

விளக்கவுரையின்றி இக்கலை விளங்குமா என்பது அடுத்த வினா. உள்ளுறையையும் இறைச்சியையும் பயின்ற தமிழ் மாணவர் இவ்வினாவை எழுப்புதல் பொருந்தாது. வெளிப்படக் கூறாமல் பொருளைக் குறிப்பால் உணர்த்துதல் குறையன்று. குறிப்பு எங்கும் இட்டுச்செல்லாமல் நின்றுவிடுதலே குறை. குளிரும் துடிப்பொலியும் ஆளற்ற உடைகளும் மொழியறியாதவனுக்கும் விளங்கும்.

எனினும், இக்கலைஞரை முழுவதும் ஏற்றல் எமக்கு உடன்பாடன்று. 1990இல் அவர் சுவிட்சர்லாந்து நாளேடுகளின் இரங்கல் அறிவிப்புகளில் வந்த முகங்களைத் தொகுத்து ஓர் ஆக்கம் செய்தார். இறப்பதற்கென வரலாற்றுக் காரணம் ஏதுமற்றவர் சுவிட்சர்லாந்து மக்கள். ஆதலின் அவர்கள் எவராகவும் இருக்கலாம் என்பது அவர் கருத்து. முதுமையில் மறைந்தவரும், சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்தவரும், முகாம்களில் கொல்லப்பட்டவரும் ஒரே குவியலாகிவிட்டால், சாவு பொதுவாகிறது. கொலை செய்தவன் மறைந்துவிடுகிறான். இயற்கை முடித்த வாழ்வும் மனிதர் பறித்த வாழ்வும் ஒன்றல்ல. பாரந்தூக்கியின் கை விதியின் கையாகத் தோன்றலாம். வரலாற்றில் அக்கையை இயக்கியவருக்குப் பெயர் உண்டு.

ஆகவேதான், 'பெர்சோன்' மலையினும் 1997இல் கிராண்ட் ஒர்னுக்கென அவர் அமைத்த தகரப்பெட்டிச் சுவரை யாம் உயர்ந்ததாகக் கருதுகிறோம். துருவேறிய அப்பெட்டிகளின்மேல் சுரங்கத் தொழிலாளரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றில் அவர்தம் முகங்களும் உள. எண்ணிக்கையாய்ப் போன மக்கள் அங்குத் தனித்தனி மனிதராய் மீள்கின்றனர்.

கலப்பு ஊடகக் கலைக்கு உரைகல் யாது எனின், அதில் இடம்பெறும் பொருள் தன் வாழ்வைத் தன்னுடன் கொண்டுவருகிறதா என்பதே. கொண்டுவராதவிடத்து அது வெறும் புதுமை. அருங்காட்சியகத்தில் வைத்தாலும் குப்பையே. கொண்டுவருமாயின், பழந்துணியும் கலையே. மாணவச் செல்வங்கள் புதிய கலையைக் கண்டவுடன் நகைத்தலும் வேண்டா. பாரிசில் வைத்தனர் என்பதற்காக வணங்குதலும் வேண்டா. இப்பொருள் யாருடையது, அவர் பெயர் இங்கு உளதா என்று கேட்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்க. அவ்வினா பிறர் துயரைத் தம் துயராய்க் கருதுவோர் கேட்கும் வினா. கலையைக் கற்பதன் பயனும் அதுவே.