கட்சியின் முடிவும் மக்களின் தீர்ப்பும்

திருவனந்தபுரம்: தலைவரைக் கட்சி உருவாக்குகிறதா, மக்கள் உருவாக்குகிறார்களா என்ற கேள்வி கேரளத்தில் 2006 மார்ச்சில் தெருவுக்கே வந்துவிட்டது. ஐந்தாண்டுகள் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தனுக்குச் சட்டப்பேரவைத் தேர்தலில் போட்டியிட வாய்ப்பில்லை என மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலத் தலைமை முடிவு செய்தது. அக்கட்சியின் தொண்டர்களே கண்டன ஊர்வலம் போயினர். தலைமை பணிந்தது. 140 இடங்களில் 98-ஐ இடது ஜனநாயக முன்னணி வென்றது; 82 வயதில் அவர் முதல்வரானார்.

அவர் நாவன்மையாலோ திரைக் கவர்ச்சியாலோ வளர்ந்தவர் அல்லர். தையல் கடையிலும் கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். குட்டநாட்டு விவசாயத் தொழிலாளர்களிடையே சங்கம் கட்டியவர். 1996-இல் முன்னணி ஆட்சியைப் பிடித்தபோதும் மாராரிக்குளத்தில் அவர் தோற்றார். கட்சிக்கு வெளியே இருந்த மக்களின் ஆதரவு, 2001-க்குப் பிறகு மதிகெட்டான் காட்டு ஆக்கிரமிப்பு போன்ற பிரச்னைகளைக் கையில் எடுத்தபோதுதான் அவருக்குப் பெருகியது.

தமிழகத்தில் இத்தகைய செல்வாக்கு புதுக் கட்சியில் போய் முடியும். 1972-இல் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். 1977-இல் ஆட்சியையே பிடித்தார். கேரளத்திலும் எம்.வி. ராகவனும் கௌரியம்மாவும் நீக்கப்பட்ட பின் தனிக்கட்சி கண்டனர், எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அச்சுதானந்தன் வெளியேறவில்லை. லாவலின் விவகாரத்தில் கட்சி நிலைக்கு மாறாகப் பேசியதால் 2009-இல் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டபோதும் முதல்வராகத் தொடர்ந்தார். (அவ்வழக்கிலிருந்து பினராயி விஜயனை 2013-இல் சிபிஐ நீதிமன்றம் விடுவித்தது.)

மக்கள் ஆதரவு தேர்தலை வெல்லலாம். நிர்வாகத்தை நடத்த அது மட்டும் போதாது. உள்துறை அவர் கையில் இல்லை. 2007-இல் மூணாறில் தொடங்கிய ஆக்கிரமிப்பு அகற்றம், சொந்த முன்னணிக்குள் எழுந்த எதிர்ப்பாலேயே முடங்கியது. இருந்தும் 2011 தேர்தலில் 68 இடங்கள் கிடைத்தன, எதிரணிக்கு 72. ஆளுங்கட்சியைத் தூக்கியெறிவதையே வழக்கமாகக் கொண்டிருந்த மாநிலத்தில் இது சாதாரணமல்ல.

தமிழக வாசகர்கள் அவரை அறிந்தது பெரும்பாலும் முல்லைப் பெரியாறு வழியாக. நீர்மட்டத்தை உயர்த்துவதை எதிர்த்து, புதிய அணை வேண்டுமென வற்புறுத்தியவர் அவர். அணையின் பாதுகாப்பு குறித்த வல்லுநர் கருத்துகளை ஏற்று 142 அடி வரை தேக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் அனுமதித்தது. 2014-இல் அதை மீண்டும் உறுதி செய்தது. கட்சித் தலைமையையே எதிர்த்துப் பேசத் துணிந்தவர், மலையாளிகளின் அச்சத்துக்கு மாறாக ஒரு சொல் சொல்லத் துணியவில்லை. மக்கள் செல்வாக்குள்ள தலைவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். இரு மாநிலங்களுக்கும் இது பொருந்தும்.

2016-இல் அவர் பிரசாரம் செய்தார். பினராயி விஜயன் முதல்வரானார். 2025 ஜூலை 21-இல், 101 வயதில் அச்சுதானந்தன் இங்கு காலமானார். உடலை ஆலப்புழைக்குக் கொண்டு செல்ல, ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவுக்கு, 20 மணி நேரத்துக்கும் மேலானது. கொட்டும் மழையிலும் வழிநெடுக மக்கள் நின்றனர். 2006-இல் அவருக்கு இடமில்லை என்ற கட்சிதான் அந்த ஊர்வலத்தை நடத்தியது.