கேளாமல் மாறிய கணக்கு

மாணவனுக்குக் கடன் அட்டை ஏது என்று நகைக்கும் நண்பர்களே, நாளை சம்பளம் வாங்கப்போகிறவர்கள் நாம்தாமே!

சிட்டி வங்கி தன் இந்திய நுகர்வோர் வணிகத்தை 2023 மார்ச்சில் ஆக்சிஸ் வங்கிக்குக் கைமாற்றியது. 2024 ஜூலையில் அட்டைகளும் புது வங்கியின் ஏட்டில் ஏறின. முன்பு சேர்த்த ரிவார்டு புள்ளிகளுக்குக் காலக்கெடு இல்லை என்ற வாக்கு காக்கப்பட்டது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மாற்றத்துக்குப் பின் சேரும் புள்ளிகளுக்கு மூன்றாண்டுக் கெடு! அதே ஆள், அதே செலவு. கெடு எங்கிருந்து வந்தது? விற்றவரும் வாங்கியவரும் பேசி முடித்தார்கள். அட்டை வைத்திருந்தவரை எவர் கேட்டார்?

பிடிக்காவிட்டால் விலகலாமே என்பார்கள். விலகலாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, பாக்கி இல்லாதவர் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் அட்டையை முடித்துத் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம். போகிறவருக்கு இவ்வளவு காவல்! பல்லாண்டு தங்கியவருக்கு? புள்ளிகளை நம்பித்தானே அவர் அந்த அட்டையிலேயே செலவு செய்தார்? ஆண்டுக் கட்டணம் கட்டிய காலம் முடியும்வரையாவது பழைய நிபந்தனைகள் நீடிக்க வேண்டும். அதன் பிறகும், அவர் சம்மதித்தால்தான் புதியவை செல்ல வேண்டும். இதை ரிசர்வ் வங்கி விதியாக்கட்டும் என்கிறேன்.