கடைசி வாசலில் மட்டும் காவலா?

விமானப் பயணிகள் தங்களுடன் எடுத்துச் செல்லக் கூடாதவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. 2001 டிசம்பரில் பாரீஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருளை மறைத்து வைத்திருந்தது தெரியவந்ததும், காலணிகளும் சோதனைக்கு உள்ளாயின. 2006 ஆகஸ்டில் திரவ வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் முறியடிக்கப்பட்ட பிறகு, 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவங்கள் கைப்பையிலிருந்து விலக்கப்பட்டன. தீப்பற்றும் அபாயம் இருப்பதால் பவர் பேங்குகளைச் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது இன்றைய விதி. இவை அனைத்துக்கும் நோக்கம் ஒன்றுதான்: விமானத்தின் பாதுகாப்பு.

அந்தமானிலிருந்து திரும்பும் பயணிக்கு இவற்றோடு இன்னொரு பட்டியலும் உண்டு. அது விமானத்தைக் காப்பதற்கானது அல்ல, கடலைக் காப்பதற்கானது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், விமான நிலையச் சோதனையின்போது பயணிகளின் பெட்டிகளிலிருந்து பவளத் துண்டுகளும் சங்குகளும் வெளியே எடுக்கப்படுவது புதிய செய்தி அல்ல. கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்ததை நினைவுப் பொருளாக எடுத்து வந்ததாகவே பெரும்பாலானோர் எண்ணுகின்றனர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறைகளை உருவாக்கும் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-இல் சேர்க்கப்பட்டன. சில சங்குகளும் பெரிய மட்டி இனங்களும் நாட்டிலஸும் அதே ஆண்டு பாதுகாப்பு பெற்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு உள்ளங்கையில் அடங்கும் பவளத் துண்டுக்கும் உண்டு என்பது பலர் அறியாத உண்மை. உயிரற்ற பவளம் என்பதும் விலக்குக்குரிய காரணம் ஆகாது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் எந்தப் பகுதியும் அரசின் உடைமை என்கிறது சட்டம். அதை வைத்திருப்பவர், தம்மிடம் அது முறையாக வந்தது என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் ரூ. 25,000-க்குக் குறையாது.

இத்தனை கடுமை தேவைதானா என்ற கேள்வி எழலாம். பாறை போன்ற பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டி மீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் வளர்கின்றன. பெட்டியின் மூலையில் அடங்கும் ஒரு துண்டு உருவாகப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். பவளப்பாறைகள் மீன்களின் நாற்றங்கால். கரையை அலையின் வேகத்திலிருந்து காக்கும் அரண். இறந்த பவளத்தின் மீதுதான் புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்கின்றன. அது பொடிந்துதான் தீவுகளின் வெண்மணல் உருவாகிறது. வெற்றுச் சங்குகூடத் துறவி நண்டுக்கு வீடாகிறது.

அந்தமான் பவளப்பாறைகளுக்கு ஏற்கெனவே அடிமேல் அடி. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நிலநடுக்கத்தில் வட அந்தமானில் கடலடி மேலெழும்பியதால் பாறைகள் வெயிலில் காய்ந்து மடிந்தன. 2010 கோடையில் கடல்நீர் வெப்பம் கூடியதால் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இயற்கையின் சீற்றத்தை எந்த அரசாலும் தடுக்க இயலாது. மனிதக் கைகளைத் தடுக்க இயலும்.

தடுக்கத் தவறினால் என்னாகும் என்பதற்குத் தமிழகமே சாட்சி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதன் விளைவாக, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. வெட்டி எடுத்தவர்களின் அளவு வேறு, சுற்றுலாப் பயணி எடுக்கும் அளவு வேறு என்பது உண்மையே. ஆனால், ஆளுக்கொரு துண்டு என்று எடுத்தால் அதுவும் நாளடைவில் ஒரு சுரங்கம்தான்.

எனவே தடை நியாயமானது. அது சொல்லப்படும் இடம்தான் தவறானது. விமான நிலையத்தின் எக்ஸ்ரே கருவி அருகே ஒரு பவளத் துண்டு பறிமுதல் செய்யப்படுவதால் கடலுக்கு எந்த லாபமும் இல்லை. எடுத்தது எடுத்ததுதான், அது மீண்டும் பாறையில் ஒட்டாது. மிச்சமாவது ஒரு குடும்பத்தின் அவமானமும், சில வேளை ஒரு வழக்கும் மட்டுமே. விற்பதற்காகக் கடல் அட்டைகளைக் கடத்தும் கும்பலையும், அலை ஒதுக்கியதைப் பொறுக்கிய சிறுவனின் பெற்றோரையும் ஒரே சட்டப் பிரிவின்முன் நிறுத்த நேர்வது யாருக்கும் பெருமை அல்ல.

பசிபிக் கடலிலுள்ள சிறு நாடான பலாவ், 2017 டிசம்பரிலிருந்து வேறு வழியைக் கையாள்கிறது. அங்கு வந்திறங்கும் ஒவ்வொரு பயணியும், தீவின் இயற்கையைக் காப்பதாகக் கடவுச்சீட்டில் பதிக்கப்படும் உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகே உள்ளே நுழைய முடியும். இத்தாலியின் சார்டினியா தீவிலோ, கடற்கரை மணலையும் சிப்பியையும் எடுப்பவர்களுக்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் விதிக்க 2017-இல் வகை செய்யப்பட்டது. ஒன்று நுழைவாயிலில் நினைவூட்டுகிறது. மற்றொன்று எடுத்த பிறகு தண்டிக்கிறது. அந்தமானுக்கு இரண்டும் வேண்டும். முதலாவது முதலில் வேண்டும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். அந்த நேரத்தில் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஓர் அறிவிப்பு செய்வதற்குப் பெரும் செலவு ஆகிவிடாது. பயணிகள் பெட்டி கட்டுவது விமான நிலையத்தில் அல்ல, மரைன் ஹில் போன்ற பகுதிகளிலுள்ள தங்கும் விடுதிகளில். அங்குள்ள ஒவ்வோர் அறையிலும் தடை செய்யப்பட்டவற்றின் படங்களுடன் ஓர் அட்டை இருக்க வேண்டும். எல்லாச் சங்குகளும் எல்லாச் சிப்பிகளும் தடை செய்யப்பட்டவை அல்ல என்பதால், படமில்லாத எச்சரிக்கை குழப்பத்தையே கூட்டும். சட்டத்துக்கு உட்பட்ட சங்குக் கைவினைப் பொருள்களை விற்போர் ரசீது தருவதையும், தடை செய்யப்பட்டவை கடைகளில் இடம்பெறாததையும் நிர்வாகம் இடைவிடாது கண்காணிக்க வேண்டும். கடையில் வெளிப்படையாக விற்கப்படும் பொருள் விமான நிலையத்தில் குற்றமாக மாறும் நிலை ஒருபோதும் நேரக் கூடாது.

விதியை முன்கூட்டியே விளக்கினால் மக்கள் ஒத்துழைப்பார்கள். 2024 அக்டோபரில், சபரிமலை பக்தர்கள் இருமுடியில் உள்ள தேங்காயை உரிய சோதனைகளுக்குப் பிறகு விமானத்தில் தங்களுடனேயே எடுத்துச் செல்லலாம் என மத்திய அரசு அனுமதி அளித்தது. அந்த அறிவிப்பு பயணக் காலத்துக்கு முன்பே வந்ததால் பக்தர்கள் எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்ய முடிந்தது. அனுமதிக்குக் காட்டிய அதே அக்கறையைத் தடைக்கும் காட்டுவதில் என்ன தடை?

விமானத்தின் பாதுகாப்புக்குக் கடைசி வாசலில் காவல் போதும். கடலின் பாதுகாப்புக்கு முதல் வாசலிலேயே காவல் வேண்டும்.