கார்பன் பூம் வாங்கப் போறீங்களா? முதல்ல டேப்பை எடுங்க

விண்ட்சர்ஃபிங் ஆளுங்க ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா மூணாவது நிமிஷத்துல "கார்பன்"னு ஒரு வார்த்தை வந்து விழுந்துடும். மாஸ்ட் கார்பன், ஃபின் கார்பன், அடுத்து பூமும் கார்பன். "காசு இருந்தா கண்ணை மூடிட்டு கார்பன் வாங்கு தம்பி"ன்னு எனக்கே இதுவரை நாலு பேர் அட்வைஸ் பண்ணிட்டாங்க. கண்ணை மூடிட்டு வாங்கச் சொல்ற எதையும் சந்தேகப்படணும்னு பி.காம் முதல் வருஷத்துலயே சொல்லித் தந்துட்டாங்க. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

நம்ம வகுப்பு மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பூம்னா ஷூட்டிங்ல மைக்கைக் கட்டித் தூக்குற கம்பி இல்லை. பாய்க்கு ரெண்டு பக்கமும் வில் மாதிரி வளைஞ்சு போற குழாய். முன்பக்கம் மாஸ்ட்டைக் கவ்விப் பிடிக்கும், பின்பக்கம் பாயோட மூலையைக் கயிறு போட்டு இழுத்து வச்சிருக்கும். நம்ம ரெண்டு கையும் அதுலதான். ஸ்டியரிங், ஆக்ஸிலேட்டர் எல்லாமே அதுதான்னு வச்சுக்கங்க. முதல் விண்ட்சர்ஃபர்கள்ல இது தேக்கு மரத்துல இருந்துச்சு. அப்புறம் அலுமினியம் வந்துச்சு, இப்ப கார்பன்.

இந்தக் குழாய் வளையுறது ஒரு பேடன்ட்டையே கவுத்திருக்கு, தெரியுமா? அமெரிக்காவுல ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968-ல விண்ட்சர்ஃபிங் பலகைக்கு பேடன்ட் கேட்டு விண்ணப்பம் போட்டாங்க. பின்னாடி இங்கிலாந்துல டாபர் மரீன்ங்கிற நிறுவனத்தோட வழக்கு வந்துச்சு. அதுல வெளிய வந்தது என்னன்னா, 1958-லயே ஹெய்லிங் தீவுல பீட்டர் சில்வர்ஸ்னு ஒரு 12 வயசுப் பையன் இதே மாதிரி ஒண்ணைக் கட்டி ஓட்டியிருக்கான். அவனோட பூம் நேரா இருந்துச்சு, பேடன்ட்ல சொன்னது வளைஞ்ச பூம். ஆனா காத்து பிடிச்சதும் அவனோட நேர் பூமும் வளையத்தானே செய்யும்? பேடன்ட் செல்லாதுன்னு தீர்ப்பு ஆச்சு. 1985 பேடன்ட் வழக்குத் தொகுப்புல இருக்குற அந்தத் தீர்ப்பைத்தான் "புதுசா, வெளிப்படையா தெரிஞ்சதா"ன்னு சோதிக்க இன்னிக்கும் மேற்கோள் காட்டுறாங்க. ஐ.பி.ஆர் பேப்பர் எழுதப் போறவங்க குறிச்சு வச்சுக்கங்க.

நிற்க. பூம் வளைஞ்சா என்ன கெட்டுச்சு?

திடீர்னு பலமா ஒரு காத்து அடிக்குதுன்னு வைங்க. பூம் வளைஞ்சு கொடுத்தா பாயை இழுத்துப் பிடிச்ச முனையும் நகரும். தட்டையா இருக்க வேண்டிய பாய் அந்த நேரத்துல போய் உப்பிக்கும். பின்கைல பாரம் ஏறும், போர்டு தடுமாறும். அதனால விறைப்பான பூம் வேணும்ங்கிறதுல எனக்கும் மறுப்பில்லை. என் சண்டை அடுத்த வரியில: "அதனால எல்லாருக்கும் கார்பன்." இங்கதான் கணக்கு இடிக்குது.

ஒரு குழாய் எவ்வளவு வளையும்ங்கிறது அதோட நீளத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 5 சதுர மீட்டர் பாய்க்கு சுமாரா 160 செ.மீ. பூம் போதும். 9 சதுர மீட்டர் பாய்க்கு 225 செ.மீ. பக்கம் வரும். நீளம் 1.4 மடங்குதான் கூடியிருக்கு. ஆனா அதே குழாய், அதே பாரம்னா வளைவு கிட்டத்தட்ட 2.8 மடங்கு! பெரிய பாயைக் குறைஞ்ச காத்துலதான் எடுப்போம், சின்னப் பாயைப் பலத்த காத்துல எடுப்போம். ரெண்டுலயும் நம்ம உடம்பு எடை தாங்குற அளவுக்குத்தான் இழுப்பைப் பிடிச்சு நிக்க முடியும். அதனால பாரம் பெருசா மாறாது, மாறுறது நீளம்தான்.

ஆக, பூம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "கார்பனா அலுமினியமா" இல்லை, "எத்தனை செ.மீ.?"

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல மார்செய் கடல்ல முதல்முறையா ஐக்யூஃபாயில் போட்டி நடந்துச்சு. ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8. அந்த அளவுக்கு விறைப்பான பூம் கட்டாயம் வேணும், அங்க காசு போடுறது நியாயம். ஆனா "ஒலிம்பிக்ல பாரு"ன்னு சொல்லி 4.5 பாய் பிடிக்கிற புதுசுக்கு அதையே தலைல கட்டுறது எந்த ஊர் நியாயம்?

இனி கடைக்காரங்களோட டயலாக்குகளை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

1) "வெயிட் கம்மி சார்." சரி, கம்மிதான். வித்தியாசம் பெரும்பாலும் அரைக் கிலோ பக்கம். கூட நிக்கிற ஆள் 65, 70 கிலோ. தண்ணில நனைஞ்ச பாயைத் தூக்கும்போது அந்த அரைக் கிலோ தெரியும், இல்லைங்கலை. ஆனா அதுக்காக ரெண்டரை, மூணு மடங்கு விலையா?

2) "இந்த அலுமினியம் ஸ்பெஷல் அலாய், ரொம்ப விறைப்பு." இது சுத்த ஜல்லி. எந்த அலாயா இருந்தாலும் அலுமினியத்தோட விறைப்பு எண் 70 கிகாபாஸ்கல் பக்கம்தான் நிக்கும். அலாயும் சூட்டுப் பதமும் மாறினா பலம் மாறும், அதாவது எப்ப நிரந்தரமா வளையும், எப்ப உடையும்ங்கிறது. விறைப்பு வேணும்னா குழாயோட விட்டத்தையும் கனத்தையும்தான் கூட்டணும். 26 மி.மீ. குழாயை 29 ஆக்கினா, அதே கனத்துல விறைப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறும். ஆனா தடிச்ச குழாயைப் பிடிச்சா முன்கை சீக்கிரம் வலிக்கும். சின்னக் கைக்காரங்களுக்கு ஒல்லியான குழாய்லயே விறைப்பு தர்றது கார்பனோட உண்மையான பெருமை. விக்கிறவங்க அதைச் சொல்லவே மாட்டேங்கிறாங்க, எடையைத்தான் சொல்றாங்க.

3) "இதுவும் கார்பன்தான், விலை மட்டும் பாதி." கவனம்! எந்தப் பகுதி கார்பன்னு கேளுங்க. உடம்பு அலுமினியம், வால் மட்டும் கார்பன்னு கலப்பு பூம்கள் உண்டு. தப்பான பொருள் இல்லை. ஆனா கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணில ஒட்டிக்கிட்டு இருந்தா அலுமினியம் அரிச்சுப் போகும். ஓட்டி முடிச்சதும் வாலைக் கழட்டி நல்ல தண்ணில அலசணும். சோம்பேறிகளுக்கு ஆகாது.

4) "ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும்." அலுமினியம் வளைஞ்சா கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடி வாங்கினா உள்ளுக்குள்ள கீறல் விட்டுட்டு வெளியில சிரிச்சுக்கிட்டு இருக்கும். ஒருநாள் நடுக்கடல்ல பட்டுனு போகும். புதுசா கத்துக்கிறவன் ஹார்னஸ்ல மாட்டிக்கிட்டு வாரத்துக்கு நாலு தடவை மாஸ்ட்டோட சேர்ந்து முன்னாடி குப்புற விழுவான். அவனோட பூமுக்கு "ஆயுசு"ன்னு யாரும் கணக்கு சொல்ல வேணாம். பழசு வாங்குறதா இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

இப்ப நம்ம பாடம். வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிற பொருளுக்குச் சுங்கவரியைப் பொருள் விலை, கப்பல் வாடகை, காப்பீடு மூணையும் கூட்டி அதுமேல சதவீதமாப் போடுறாங்க. அப்படின்னா அங்க இருக்குற விலை வித்தியாசம் இங்க வரும்போது இன்னும் பெருத்துடும். நீளமான பார்சலுக்கு வாடகை வேற தனி வேதனை.

இது பணக்காரன் பொழுதுபோக்கு, எப்படியோ போகட்டும்னு விட்டிருப்பேன். விட முடியாததுக்குக் காரணம் இருக்கு. நான் பழகப் போற கிளப்ல (பேர் வேணாம்) ஒரு நல்ல மனுஷர் கொடுத்த நன்கொடைல ரெண்டு நீள கார்பன் பூம் வாங்கினாங்க. போட்டோ எடுத்தாச்சு, மாலை போட்டாச்சு. அங்க கத்துக்கிற குப்பத்துப் பசங்க பிடிக்கிறது 4, 5 சதுர மீட்டர் பாய். அந்த ரெண்டு பூமையும் எவ்வளவு உள்ள தள்ளினாலும் அந்தப் பாய்களுக்குப் பொருந்தாது. அதே நேரம் போர்டு, மாஸ்ட், பாய் எல்லாம் இருந்தும் நாலு செட் ஷெட்டுல தூங்குது. பழைய பூம் உப்புல அரிச்சுப் போனதுதான் ஒரே காரணம். ரெண்டு கார்பன் விலைல அஞ்சு அலுமினியம் வந்திருக்கும், நாலு செட்டும் தண்ணில இறங்கியிருக்கும்.

கடல்காத்து மதியத்துக்கு மேல வந்து ஒரு மூணு மணி நேரம் நல்லா நிக்கும். ஒரு செட்டுக்கு நாலு பசங்கன்னா ஆளுக்கு 45 நிமிஷம். மத்த நேரம் மணல்ல உக்காந்து வேடிக்கை. கூட நாலு செட் இருந்திருந்தா ஒவ்வொருத்தனுக்கும் எவ்வளவு நேரம் கிடைச்சிருக்கும்? இதுக்குப் பேர்தான் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட். நாம தேர்வுக்காக மனப்பாடம் பண்றதை அந்தப் பசங்க தினமும் மணல்ல உக்காந்து அனுபவிக்கிறாங்க.

1899-லயே தோர்ஸ்டைன் வெப்லென் காட்டிக்கிறதுக்காகச் செலவு பண்றதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டார். கரையில பூமைச் சாய்ச்சு வச்சு கறுப்புப் பளபளப்பைக் காட்டுறது உங்க சொந்தக் காசுல நடந்தா உங்க இஷ்டம். ஊர்க்காசுல நடந்தா கேள்வி கேப்போம்.

முடிவா என் சிபாரிசு: உங்க பாய்ல அச்சடிச்சிருக்குற பூம் நீளத்தைப் பாருங்க. 180-க்குள்ளன்னா நல்ல அலுமினியம், மிச்சக் காசுல நல்ல மாஸ்ட். 200-ஐத் தாண்டினா, வாரம் தவறாம ஓட்டுறீங்கன்னா, தாராளமா கார்பன். நடுவுல இருந்தா கைப்பிடி விட்டத்தைப் பிடிச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க. எதை வாங்கினாலும் வாலை முழுசா இழுத்து ஓட்டுற மாதிரி வாங்காதீங்க, முழுசா நீண்ட பூம்தான் அதிகமா ஆடும். கிளப் நிர்வாகிகளுக்கு: அடுத்த நன்கொடை வந்தா கேட்டலாக் பக்கம் போகாதீங்க, முதல்ல ஷெட்டைத் திறந்து எண்ணிப் பாருங்க.

பி.கு: "சொந்தமா ஒரு பூம்கூட இல்லாதவன் பேசுறான்"னு பின்னூட்டம் போட ரெடியா இருக்குற அண்ணன்மாருக்கு: ஆமா, இல்லை. அதனாலதான் விலைப்பட்டியலை இவ்வளவு கவனமாப் படிக்கிறேன் :-)