வழக்காட விரும்புவோர் எங்கே சேர்வது?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டுப் படிப்பு முடிவதற்கு வெகுகாலம் முன்பே வளாக நேர்காணல்கள் முடிந்துவிடுகின்றன. தில்லி, மும்பை, பெங்களூரைச் சேர்ந்த பெரிய சட்ட நிறுவனங்கள், முதல் வரிசை மாணவர்களை மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் அதிகமான ஊதியத்தில் எடுத்துக்கொள்கின்றன. நிறுவனங்களின் இணைப்பு, பங்கு வெளியீடு, ஒப்பந்தம் ஆகியவற்றில் நாட்டம் கொண்டவர்களுக்கு இதில் குழப்பமில்லை. நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்பதற்காகவே ஐந்தாண்டுகள் சட்டம் பயின்றுவிட்டு, இரண்டு மூன்று நிறுவனங்களின் அழைப்புக் கடிதங்களோடு எதில் சேர்வது என்று திகைத்து நிற்பவர்களின் நிலைதான் வேறு.

முன்பெல்லாம் இத்தகைய திகைப்புக்கே இடமிருந்ததில்லை. வழக்காட விரும்பியவர் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். மற்றவர் நிறுவனத்துக்குச் சென்றார். 2015-ல் வணிக நீதிமன்றங்கள் சட்டமும் நடுவர் தீர்ப்புச் சட்டத் திருத்தமும் வந்தன. 2016-ல் நொடிப்பு மற்றும் திவால் சட்டமும், அதையொட்டித் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயமும் வந்தன. வங்கிகளும் பெருநிறுவனங்களும் கோடிக்கணக்கான ரூபாய்க் கடன்களுக்காக வழக்காடத் தொடங்கியபோது, ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் தமது வழக்குப் பிரிவுகளைப் பன்மடங்கு பெருக்கிக்கொண்டன. இன்று எந்தப் பெரிய நிறுவனமும் தன்னை வழக்குகளில் வல்ல நிறுவனம் என்றே மாணவர்களிடம் அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

மாணவர்களோ பெயரையும் தரவரிசையையும் ஊதியத்தையும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். பெயர் எத்தனை நிலையானது? 1917-ல் தொடங்கப்பட்ட அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம் 2015-ல் இரு சகோதரர்களுக்கிடையே இரண்டாகப் பிரிந்தது. பங்குதாரர்கள் தமது குழுவினர் அனைவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்வது இத்துறையில் புதிதல்ல. ஆகவே, பெயர்ப் பலகையைவிட யாருக்குக் கீழே அமரப் போகிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. அந்த நிறுவனத்தில் நீதிபதியின் முன் எழுந்து நிற்பவர் யார்?

பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் ஆங்கிலேயர் காலம் தொட்டு ஒரு பிரிவினை இருந்தது. வழக்குக் கட்டைத் தயாரிப்பவர் சாலிசிட்டர், வாதாடுபவர் பாரிஸ்டர். 1976-ல் சட்டம் திருத்தப்பட்டு இந்த இரட்டை முறை ஒழிக்கப்பட்டது என்றாலும், அதன் சாயல் பெரிய நிறுவனங்களில் இன்றும் நீடிக்கிறது. கட்சிக்காரரோடு பேசுவது, ஆவணங்களைத் தேடித் தொகுப்பது, மனுவை எழுதுவது, தேதிவாரியாகச் சம்பவப் பட்டியல் தயாரிப்பது, முன்தீர்ப்புகளைத் திரட்டுவது எல்லாம் நிறுவனத்து இளைஞர்களின் வேலை. மாலையில் மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்துக்குச் சென்று வழக்கை விளக்கிச் சொல்வதும் அவர்களே. மறுநாள் காலை நீதிமன்றத்தில் பேசுபவர் மட்டும் மூத்த வழக்கறிஞர். பின் வரிசையில் கட்டுகளோடு நிற்கும் இளைஞர், கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒரு மனுவைப் பத்து முறை திருத்தி எழுதக் கற்பவர் வாழ்நாள் முழுவதும் பயன் பெறுகிறார். பல கூடங்களில் ஓடி வாய்தா வாங்குவதிலேயே ஆண்டுகளைக் கழிக்கும் ஜூனியர்களுக்கு இந்தப் பயிற்சி எளிதில் வாய்ப்பதில்லை. ஆயினும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இந்த இளைஞர் தனியே தொழில் தொடங்க நினைக்கும்போது, அவர் கையில் இருப்பது நன்கு எழுதத் தெரிந்த பேனா மட்டுமே. ஒரு சாட்சியைக்கூட அவர் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார். கட்சிக்காரர்களும் நிறுவனத்தின் கட்சிக்காரர்களே, அவரோடு வரமாட்டார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் விதிமுறைகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. அங்கே வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை பதிவுபெற்ற வழக்கறிஞருக்கு, அதாவது 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' என்பவருக்கு மட்டுமே உண்டு. அந்தத் தகுதியைப் பெற நான்காண்டுத் தொழில் அனுபவமும், அதன்பின் பத்தாண்டு நிறைந்த அத்தகைய வழக்கறிஞர் ஒருவரிடம் ஓராண்டுப் பயிற்சியும், தேர்வில் வெற்றியும் வேண்டும். நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகமும் வேண்டும். தில்லியின் வாடகையை அறிந்தவர்களுக்குக் கடைசி நிபந்தனையின் கனம் புரியும். சேரப் போகும் நிறுவனத்தில் அத்தகைய வழக்கறிஞர் இருக்கிறாரா, இளைஞர்கள் அந்தத் தேர்வை எழுத ஊக்குவிக்கப்படுகிறார்களா என்று விசாரிக்காமல் சேர்வது விவேகமல்ல.

நீதிமன்றத்தின் அன்றைய உத்தரவில் யார் யார் பெயர் இடம்பெறுகிறது என்பதும் சிறிய விஷயமன்று. முன்பு ஒரே வழக்கில் இருபது முப்பது பெயர்கள்கூடப் பதிவாவதுண்டு. வாதாடுபவர், உடனிருந்து உதவுபவர் ஆகியோரின் பெயர்களே பதிவாக வேண்டும் என்று 2025 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. முறைகேட்டை ஒழிக்கும் நல்ல உத்தரவுதான். ஆனால், இரவெல்லாம் கண்விழித்து மனுவை எழுதிய நிறுவனத்து இளைஞரின் உழைப்புக்குப் பொதுப் பதிவேட்டில் இருந்த ஒரே சுவடும் இதனால் மறையக்கூடும். மூத்த வழக்கறிஞர் தகுதிக்காக 2017-ல் கொண்டுவரப்பட்ட மதிப்பெண் முறையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. எனினும், எந்த முறை வந்தாலும் நீதிமன்றத்தில் ஒருவர் ஆற்றிய பணியே அளவுகோலாக இருக்கும்.

அப்படியானால் மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர வேண்டியதுதானே என்று கேட்பது எளிது. கல்விக் கடனோடு வெளியே வரும் மாணவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் இருக்கிறது. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சம் மாதம் ரூ.15,000 முதல் ரூ.20,000 வரை உதவித்தொகை வழங்க வேண்டும் என்று 2024 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகர்ப்புறங்களில் ரூ.20,000, கிராமப்புறங்களில் ரூ.15,000 என்று பரிந்துரைத்தது. தில்லியில் ஓர் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாத தொகையே இவ்வளவு வற்புறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும்! தந்தையோ மாமாவோ வழக்கறிஞராக இருப்பவர் மூத்த வழக்கறிஞரின் அறையில் பொறுமையாகக் காத்திருக்கலாம். குடும்பத்தின் முதல் வழக்கறிஞர் காத்திருக்க முடியாது. அவர் நிறுவனத்துக்குப் போகிறார். நாளை உயர் நீதிமன்ற நீதிபதிகளாகப் பரிசீலிக்கப்படுபவர்கள் நீதிமன்றங்களில் வாதாடிப் பெயர் பெற்றவர்களிலிருந்தே பெரும்பாலும் வரப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இது தனிமனிதரின் வேலைத் தேர்வு மட்டும்தானா?

தமிழகத்திலிருந்து தில்லிக்கு வரும் இளைஞர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் ஆங்கிலம் போதும். சாகேத், தீஸ் ஹசாரி, பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றங்களில் சாட்சி பேசுவது இந்தியில். குறுக்கு விசாரணையின் கூர்மை மொழியில் இருக்கிறது. ஆகவே, விசாரணை நீதிமன்றத்தின் பக்கமே போகாமல் நிறுவனத்தின் ஆங்கில மனுக்களோடு நின்றுவிடுபவர் பலர். விசாரணை நீதிமன்றமே நோக்கம் என்றால், சில ஆண்டுகள் சென்னையிலோ மதுரையிலோ கழித்துவிட்டுத் தில்லிக்கு வருவது மேல் என்பது என் கருத்து.

கடனுக்காக நிறுவனத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றிருப்பவர்கள், இரண்டு அழைப்புக் கடிதங்களுக்கிடையே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டில் இருப்பவர்களைத் தனியே சந்தித்து, கடந்த ஆண்டில் எத்தனை முறை தாமே எழுந்து வாதாடினார்கள் என்று கேளுங்கள். பங்குதாரர் தாமே வாதாடுகிறாரா, எல்லாவற்றுக்கும் மூத்த வழக்கறிஞரை அமர்த்துகிறாரா என்பதைத் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வாரம் அமர்ந்தால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். நொடிப்பு வழக்குகள் மட்டுமே கையாளும் குழுவைவிட, உரிமையியல் வழக்கும் ரிட் மனுவும் சேர்ந்து வரும் குழு நல்லது. பத்துப் பேர் கொண்ட சிறிய வழக்கு அலுவலகம் ஒன்று குறைந்த ஊதியத்தோடு அழைத்தாலும், கடன் தவணையைக் கட்ட முடியுமானால், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

நிறுவனங்களும் சிலவற்றைச் செய்யலாம். இடைக்கால மனுக்களையும் கட்டண வழக்குகளில் வரும் சிறு விவாதங்களையும் இளைஞர்களிடம் விடலாம். சட்ட உதவி மையங்கள் வழியாக வரும் ஏழைகளின் வழக்குகளை, மாதத்தில் சில நாள்கள், அவர்களே முழுமையாக நடத்த அனுமதிக்கலாம். பார் கவுன்சிலின் ரூ.20,000 பரிந்துரை, கட்டாய விதியாகவும், மூத்த வழக்கறிஞர் தகுதிக்கு விண்ணப்பிப்பவர் தம் ஜூனியர்களுக்கு என்ன கொடுத்தார் என்று தெரிவிக்க வேண்டிய நிபந்தனையாகவும் மாறினால், அடுத்த வளாக நேர்காணலின்போது வழக்காட விரும்பும் மாணவருக்கு மூன்றாவதாக ஒரு கடிதமும் கையில் இருக்கும்.